ஒற்றைப் புகைப்படத்தை லேயர்களாகப் பிரித்து அசைய வைப்பது: எத்தனை ஃபிரேம், எவ்வளவு நிரப்பல்?

வாசகர் கேள்வி: 4 ஜனவரி 2025

என்னிடம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குச் சற்றுப் பின்னால் ஏரிக்கரையில் ஒரு மரம். அதற்கப்பால் நீர், எதிர்க்கரை, மேகம். இதை கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் முப்பது லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களாக) பிரதியெடுத்து, ஒவ்வொன்றிலும் பெண்ணையும் மரத்தையும் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு லேயரும் ஒரு ஃபிரேமாக, அதாவது அடுத்தடுத்துக் காட்டப்படும் ஒரு படமாக, ஜிஃப் என்ற அசையும் படக் கோப்பில் ஏற்றுமதி செய்தேன். படம் நடுங்குகிறதே தவிர அசையவில்லை. ஃபிரேம்கள் போதவில்லை என்பதே காரணம் என்று கருதுகிறேன். நூறு ஃபிரேம் வைத்தால் சரியாகிவிடும் அல்லவா?

4 ஜனவரி 2025, இரவு

ஆகாது. நூறு ஃபிரேம் வைத்தால் இதே நடுக்கம் நூறு ஃபிரேமுக்கு நீளும், அவ்வளவுதான். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. கையால் வரையப்பட்ட அனிமேஷன்களில் பெரும்பகுதி ஒரு வரைபடத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 வரைபடங்களிலேயே காரியத்தை முடித்துக்கொண்டது. அடுத்தடுத்துக் காட்டப்படும் இரண்டு நிலையான கோடுகளைக் கண் ஒரே அசைவாக எடுத்துக்கொள்வதை மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். அசைவை உண்டாக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணே செய்துகொள்கிறது. அதற்கு இடையூறு செய்யாமல் இருப்பதுதான் நமக்குள்ள வேலை.

நீங்கள் முதலில் பிரதியெடுத்து, பிறகு ஒவ்வொரு பிரதியிலும் பெண்ணைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து நகர்த்தியிருக்கிறீர்கள். கையால் இடும் தேர்வுக்கோடு எந்த இரண்டு பிரதிகளிலும் ஒன்றாக அமையாது. ஒரு ஃபிரேமில் தோளோடு கொஞ்சம் ஏரியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அடுத்ததில் தோளிலேயே கொஞ்சம் காணாமல் போயிருக்கும். பார்ப்பவருக்குத் தெரிவது பெண்ணின் அசைவன்று, வெட்டுக்கோட்டின் அசைவு. வெட்டுவதை ஒரே ஒரு முறை செய்யுங்கள். அதன் பிறகு எத்தனை முறை நகர்த்தினாலும் நகர்வது அதே துண்டாக இருக்கட்டும்.

5 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் அடிப்படையான ஒன்று விடுபட்டிருக்கிறது: பெண்ணை நகர்த்தினால் அவள் நின்ற இடத்தில் என்ன இருக்கும்? புகைப்படத்தில் அங்கே ஏரி இல்லை. கேமரா பார்க்காத பகுதி அது. ஒற்றைப் படத்தை அசைய வைப்பதில் உள்ள உழைப்பில் பெரும்பங்கு அசைப்பதில் போவதில்லை, இப்படி மறைந்துகிடக்கும் பகுதியை நாமே கட்டியெழுப்பும் நிரப்பல் வேலையில்தான் போகிறது. ஃபிரேம் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

ஆகவே இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது வேலைக் கோப்பு. அதில் ஃபிரேம் என்று எதுவும் இல்லை. பெண், மரம், தரை, நீர், எதிர்க்கரை, வானம் என்று ஒவ்வொரு பொருளும் ஒரு லேயர். ஒவ்வொன்றையும் அழிப்பானால் வெட்டாமல், பிக்சல்களை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் லேயர் மாஸ்க் கொண்டு மறைத்தால், பிற்பாடு விளிம்பைத் திருத்த முடியும். இரண்டாவது ஃபிரேம் கோப்பு. வேலைக் கோப்பில் துண்டுகளை வேண்டிய நிலையில் வைத்து, லேயர் மெனுவில் உள்ள ‘நியூ ஃப்ரம் விசிபிள்’ கட்டளையைக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் காட்சி முழுவதும் ஒரே லேயராகக் கிடைக்கும்; அதுவே ஒரு ஃபிரேம். அதை எடுத்து இரண்டாம் கோப்பில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தவறு தெரிந்தால் எங்கே திருத்துவது என்பதில் குழப்பம் இருக்காது.

நினைவகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 4000 × 3000 பிக்சல் படம் ஒன்று, எட்டு பிட் ஆழத்தில் ஒளிபுகும் தன்மையோடு சேர்த்து, ஒரு லேயருக்கு 48 மெகாபைட் எடுத்துக்கொள்ளும். அப்படி நாற்பது லேயர் என்றால் ஏறத்தாழ இரண்டு கிகாபைட். கணினி மெதுவாகிறது என்று மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன்னால், இறுதிப் படம் எத்தனை பிக்சல் அகலத்தில் வேண்டும் என்று முடிவு செய்துவிடுவது நல்லது.

9 ஜனவரி 2025

எந்தத் துண்டு எவ்வளவு நகர வேண்டும் என்ற கேள்வி வந்திருக்கிறது. கேமரா பக்கவாட்டில் நகர்வது போன்ற தோற்றம் வேண்டுமானால், நகர்வு தூரத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். பெண் 3 மீட்டரிலும், மரம் 9 மீட்டரிலும், எதிர்க்கரை 90 மீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், விகிதம் 30 : 10 : 1. பெண் 30 பிக்சல் நகரும்போது மரம் 10 பிக்சல், கரை ஒரே ஒரு பிக்சல். எல்லாவற்றையும் கண்ணளவில் நகர்த்துபவர்கள் பெரும்பாலும் மரத்துக்கு 20 கொடுத்துவிடுகிறார்கள். அப்போது மரம் மெல்லப் பெண்ணை நோக்கி நடந்து வருவது போல் ஆகிவிடும்.

இதில் இன்னொரு வழியை நான் அதிகம் விரும்புகிறேன். பார்ப்பவரின் கவனம் பெண்ணின் முகத்தில் இருக்கும் என்பதால், அவளை அசைக்காமல் நிறுத்திவிட்டு, மற்றவற்றை எதிர்த்திசையில் நகர்த்துவது. வேண்டியது ஒப்பு நகர்வு மட்டுமே என்பதால் பெண்ணுக்குச் சுழியம், மரத்துக்கு 20, கரைக்கு 29 என்று வைத்தாலும் கணக்கு மாறாது. முகம் நிலையாக நிற்பதால் படம் கண்ணை உறுத்தாது.

இந்தக் கணக்கிலிருந்து நிரப்பல் வேலைக்கும் ஓர் அளவு கிடைத்துவிடுகிறது. பெண்ணுக்குப் பின்னால் உள்ள ஏரி முழுவதையும் வரைய வேண்டியதில்லை. மொத்த ஒப்பு நகர்வு 29 பிக்சல் என்றால், நடுநிலையிலிருந்து இருபுறமும் சுமார் 15 பிக்சல். ஆகவே அவளுடைய விளிம்பை ஒட்டி உள்நோக்கி 15 பிக்சல் அகலமுள்ள ஒரு பட்டையை, பாதுகாப்புக்கு இன்னும் ஐந்தாறு பிக்சல் சேர்த்து, நிரப்பினால் போதும். அதற்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எவரும் பார்க்கப்போவதில்லை. படத்தின் ஓரிடத்தை இன்னோரிடத்தில் பிரதியெடுக்கும் குளோன் கருவியோடு ஒரு நாள் முழுக்கப் போராடுபவர்களில் பலர், யாரும் பார்க்காத இடத்தைத்தான் அழகுபடுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

11 ஜனவரி 2025

படத்தின் ஓரங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். பின்னணி 15 பிக்சல் நகர்ந்தால் ஒரு பக்க ஓரத்தில் 15 பிக்சல் வெறுமையாகும். பின்னணியைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், அல்லது இறுதிப் படத்தை அந்த அளவுக்கு உள்ளே வெட்டிவிடுங்கள். நான் வெட்டுவதையே செய்கிறேன். பெரிதாக்கினால் எதிர்க்கரையின் அளவு பெண்ணோடு ஒவ்வாமல் போகிறது.

19 ஜனவரி 2025

“மீட்டர் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? படம் எடுத்தவரே இப்போது இல்லையே” என்று எழுதியிருக்கும் வாசகருக்கு: மீட்டர் தேவையில்லை. 9-ஆம் தேதிக் குறிப்பில் தூரத்தைக் கொண்டு விளக்கியது புரிந்துகொள்வதற்கு எளிது, ஆனால் வேலை செய்வதற்கு அது சிறந்த வழியன்று. விகிதம் படத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தொடுவானக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். சமதளத் தரையில் நிற்கும் எந்தப் பொருளுக்கும், அதன் அடி தொடுவானத்திலிருந்து எத்தனை பிக்சல் கீழே இருக்கிறதோ, அந்த அளவே அதன் நகர்வுக்கும் விகிதம். பெண்ணின் பாதம் தொடுவானத்துக்கு 600 பிக்சல் கீழே, மரத்தின் அடி 200 பிக்சல் கீழே, எதிர்க்கரையின் நீர்விளிம்பு 20 பிக்சல் கீழே என்றால், விகிதம் அதே 30 : 10 : 1. காரணம் எளியது: தரையில் உள்ள ஒரு புள்ளி தொடுவானத்திலிருந்து கீழிறங்கும் அளவும் தூரத்துக்கு எதிர் விகிதம், கேமரா நகரும்போது அது பக்கவாட்டில் நகரும் அளவும் தூரத்துக்கு எதிர் விகிதம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் விகிதமாகிவிடுகின்றன. படம் சாய்வாகவோ மிக அண்ணாந்தோ எடுக்கப்படாதிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இதே காரணத்தால் தரையின் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. தரை ஒரு துண்டாக நகராது. பாதத்தருகே அதிகமாகவும் தொலைவில் குறைவாகவும் நகர வேண்டும். பலர் தரையை நான்கைந்து பட்டைகளாக வெட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வெட்டிலும் புல் முறிந்து நிற்கிறது. நகர்வு தொடுவானத்திலிருந்து கீழிறங்கும் அளவுக்கு நேர் விகிதம் என்றால், அது ‘ஷியர்’ கருவி செய்யும் சாய்வேதான். தரை லேயரின் மேல் விளிம்பு தொடுவானத்தில் நிலைத்திருக்க, கீழ் விளிம்பை மட்டும் பக்கவாட்டில் இழுத்தால், இடைப்பட்ட ஒவ்வொரு வரிசையும் தனக்குரிய அளவு நகர்கிறது. இது தோராயமன்று, சமதளத்துக்கு மிகச் சரியான விடை. பெண்ணின் பாதமும் தரையும் ஒன்றாகவே நகர்வதால் அவள் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றாது.

ஷியர் கருவி கிம்ப்பில் லேயரின் நடுவை மையமாகக் கொண்டு சாய்க்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சாய்த்த பிறகு தொடுவானம் பழைய இடத்துக்கு வரும்படி லேயரை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

20 ஜனவரி 2025

நிழல் தரையைச் சேர்ந்தது, பெண்ணைச் சேர்ந்ததன்று. அதைத் தரை லேயரிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் மரம் காற்றில் ஆடினால் அதன் நிழலும் ஆட வேண்டும்; மேலே கிளைகள் கூத்தாடிக்கொண்டிருக்க, கீழே நிழல் மட்டும் தவத்தில் அமர்ந்திருக்கும் அனிமேஷன்கள் இணையத்தில் ஏராளம்.

2 பிப்ரவரி 2025

இப்போது காற்று. மரத்தையும் கூந்தலையும் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மரத்தை ஒரே துண்டாக வலமும் இடமும் சாய்த்தால் அது மரமாக இருக்காது, கடிகாரத்தின் ஊசலாக இருக்கும். காற்றில் ஆடும் எதற்கும் இரண்டு இயல்புகள் உண்டு. ஆடும் அளவு அடியில் சுழியமாகத் தொடங்கி நுனியை நோக்கி வளர்கிறது. நுனியின் ஆட்டம் அடியின் ஆட்டத்துக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. இந்தப் பிந்துதல்தான் உயிர். கூந்தலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: வேர்ப்பகுதி திரும்பி வரத் தொடங்கிய பிறகும் நுனி முன்திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். ஆகவே மரத்தை அடிமரம், இரண்டு மூன்று பெருங்கிளைகள், ஒவ்வொரு கிளையின் நுனித்தழை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அது இணையும் புள்ளியை மையமாக வைத்துச் சுழற்ற வேண்டும். அடிமரத்தை அசைக்கவே வேண்டாம். கிளைக்கு ஒரு பாகை, தழைக்கு இரண்டு மூன்று பாகை போதும். இதைவிடக் கூட்டினால் புயல்.

துண்டுகள் இணையும் இடத்தில் விரிசல் தெரியாமலிருக்க, கிளையின் அடிப்பகுதி அடிமரத்தின் பின்னால் சிறிது நீண்டு மறைந்திருக்க வேண்டும். இதுவும் மேலே சொன்ன மறைந்த பகுதிதான். அளவும் அதே அளவுதான், எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு.

அடுத்து, சுழற்சி. படம் முடிந்து மீண்டும் முதலிலிருந்து ஓடும்போது எல்லாத் துண்டுகளும் தொடங்கிய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே கால அளவில் ஆடினால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். மொத்தம் 48 ஃபிரேம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமுக்கு 80 மில்லி செகண்ட் என்றால் 3.84 நொடி. பெருங்கிளைக்கு 48 ஃபிரேமுக்கு ஓர் ஆட்டம், சிறுகிளைக்கு 24, தழைக்கு 16, கூந்தலின் நுனிக்கு 12. இவை எல்லாம் 48-ஐ மீதமின்றி வகுப்பவை என்பதால் இறுதியில் அனைத்தும் தொடங்கிய இடத்தில் வந்து சேரும். இடையில் ஒன்றோடொன்று கலைந்தே இருக்கும். ஆட்டத்தின் இரு முனைகளிலும் நகர்வு மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இருக்கும்படி சைன் அட்டவணையைப் பார்த்துக் கோணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரே அளவு திருப்பினால் இரு முனைகளிலும் சுவரில் மோதித் திரும்புவது போன்ற ஓர் உதறல் தெரியும்.

முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாகவே இருக்கக் கூடாது. 48-க்கு அடுத்து வரவேண்டியதுதான் 1. இரண்டும் ஒன்றென்றால் அசைவு அங்கே ஒரு ஃபிரேம் தயங்கி நிற்கும்.

3 பிப்ரவரி 2025

மேகத்தை விட்டுவிடுங்கள். நான்கு நொடிக்குள் மேகம் கண்ணுக்குத் தெரியும்படி நகர்வதில்லை.

16 பிப்ரவரி 2025

நீர்தான் இந்தக் கலையில் மிகவும் செழிப்பான பகுதி. ஓடும் நீரும் நிற்கும் நீரும் வேறு வேறு முறைகளைக் கேட்கின்றன.

ஓடும் நீரை அதன் ஓட்டத்தின் திசையில் நகர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதைத் தொடக்கத்துக்குத் திருப்பியாக வேண்டும், அப்போது குதிக்கும். குதிப்பதைத் தவிர்க்க முடியாது, மறைக்க முடியும். நீர் லேயரை இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழுள்ளது முழு ஒபாசிட்டியில் (ஒளிபுகாத் தன்மையில்) 1 முதல் 48 வரை நகர்ந்து, 48-க்குப் பின் தொடக்கத்துக்குக் குதிக்கிறது. மேலுள்ளது அதே அளவு நகர்கிறது, ஆனால் பாதிச் சுழற்சி தள்ளி, 24-ஆம் ஃபிரேமுக்குப் பின் குதிக்கிறது. மேலுள்ளதன் ஒபாசிட்டி, கீழுள்ளது குதிக்கும் நேரத்தில் 100 ஆகவும், தானே குதிக்கும் நேரத்தில் 0 ஆகவும், இடையில் படிப்படியாகவும் மாற வேண்டும். கீழுள்ளது குதிக்கையில் மேலுள்ளது அதை மூடியிருக்கிறது. மேலுள்ளது குதிக்கையில் அது கண்ணிலேயே இல்லை. நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரண்டும் பாதிப் பாதி கலந்திருக்கும் நேரத்தில் உருவம் சற்று மங்கும். நுரைக்கும் புகைக்கும் பனிமூட்டத்துக்கும் அது பொருட்டில்லை. கூரிய கோடுகள் உள்ள எதற்கும் இந்த முறை ஒத்துவராது. நகரும் தூரத்தைக் குறைத்தால் மங்கலும் குறையும். நடுவில் பாறை இருந்தால் அதை நீரிலிருந்து பிரித்து மேல் லேயராக வையுங்கள். பாறை அசையாமல் நிற்பதால்தான் நீர் ஓடுவதாக நம்புகிறோம்.

நிற்கும் ஏரிக்கு இது தவறான வழி. அங்கே எதுவும் எங்கும் போவதில்லை, அலைதான் கடந்து போகிறது. அதற்கு ‘டிஸ்பிளேஸ்’ ஃபில்டர். கறுப்பும் வெளுப்புமாக அலை வரைந்த ஒரு வரைபடத்தைத் தயாரித்தால், அதன் ஒளி அளவைக் கொண்டு நீரின் பிக்சல்களை அது இடம் மாற்றும். நடுச் சாம்பல் என்றால் இடமாற்றம் இல்லை. அலை வரைபடம் 480 பிக்சல் அகலமும் இரு ஓரமும் பொருந்துவதுமாக இருந்து, ஃபிரேமுக்கு 10 பிக்சல் நகர்ந்தால், 48 ஃபிரேமில் ஒரு முழுச் சுற்று. அருகில் உள்ள அலைகள் பெரிதாகவும் தொலைவில் உள்ளவை நெருங்கிய மெல்லிய கோடுகளாகவும் இருக்க வேண்டும்; எல்லாம் ஒரே அளவென்றால் ஏரி செங்குத்தாகத் தொங்கும் திரைச்சீலை போல் ஆகிவிடும்.

17 பிப்ரவரி 2025

ஏரியில் தெரியும் மரத்தின் பிரதிபலிப்பு, நீரோடு நகருமா மரத்தோடு நகருமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. மிக நல்ல கேள்வி. கேமரா நகர்வது போன்ற தோற்றத்தில் பிரதிபலிப்பு மரத்தோடுதான் நகர வேண்டும். நீரில் தெரியும் உருவம் நீர்ப்பரப்பில் ஒட்டப்பட்டதன்று. மரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதே தொலைவில், தலைகீழாக இருப்பது போல அது நடந்துகொள்கிறது. ஆகவே மரத்துக்குக் கொடுத்த 10 பிக்சலே அதற்கும். நீர்ப்பரப்பில் மிதக்கும் இலைகள் மட்டும் ஷியர் கணக்கில் நகரும். சிற்றலை இவை அனைத்துக்கும் பிறகு மேலே சேர வேண்டியது. வரிசையை மாற்றினால் பிரதிபலிப்பு நீருக்கு மேலே ஒட்டிய தாள் போல் தெரியும்.

9 மார்ச் 2025

விஷயத்திலிருந்து சிறிது விலகுகிறேன். இந்த லேயர் யோசனை கணினிக்கு முந்தியது. அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் 1914-இல், அசையும் உருவங்களை மட்டும் ஒளிபுகும் செல்லுலாய்டு தாள்களில் வரைந்து, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அதற்கு முன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பின்னணியையும் சேர்த்தே மீண்டும் வரைந்துகொண்டிருந்தார்கள். அதாவது நம் வாசகர் ஜனவரியில் செய்ததை. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1920-களில் நிழலுருவங்களைக் கண்ணாடித் தட்டுகளில் அடுக்கி, மேலிருந்து படம் பிடித்தார். 1937-இல் டிஸ்னி நிறுவனம் பல தளக் கேமராவைப் பயன்படுத்தத் தொடங்கியது: வரைந்த கண்ணாடிகள் இடைவெளி விட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில். நாம் பிக்சல் கணக்குப் போட்டுச் செய்வதைத்தான் அவர்கள் கண்ணாடியை நகர்த்திச் செய்தார்கள். போட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல், அதன் மூன்றாம் பதிப்பில். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: மறைந்த பகுதியை முதலிலேயே வரைந்துவைத்திருந்தார்கள். புகைப்படம் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை.

30 மார்ச் 2025

கிம்ப் 3.0 இந்த மாதம் வெளிவந்துவிட்டது. லேயரில் இட்ட ஃபில்டரைப் பின்னர் திரும்பிப் போய் மாற்றவும் நீக்கவும் முடிகிறது. நிறத்தையும் மங்கலையும் சோதித்துப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு நிம்மதி. ஆனால் ஃபிரேம்களை நேர வரிசையில் அடுக்கிக் காட்டும் காலக்கோடு இதிலும் இல்லை. ஃபிரேம் என்பது லேயர்தான். காலக்கோடு வேண்டுமென்பவர்கள் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் பார்க்கலாம். 2016-இல் வந்த அதன் 3.0 பதிப்பிலிருந்தே அனிமேஷன் வசதி இருக்கிறது. போட்டோஷாப்பிலும் காலக்கோடு உண்டு.

வாசகரின் நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லையாம்: “வெட்டுவது ஒரு முறைதான், ஆனாலும் கரை விட்டு விட்டு நகர்கிறது.” ஜனவரிக் குறிப்பு வெட்டுக்கோட்டு நடுக்கத்தைத் தீர்க்கும். இது வேறொன்று. நகர்த்தும் கருவி முழு பிக்சல் அளவில்தான் நகர்த்தும். 48 ஃபிரேமில் 15 பிக்சல் நகர வேண்டிய துண்டு, சில ஃபிரேம்களில் நகர்ந்தும் சிலவற்றில் நின்றும் போகிறது. வேலைக் கோப்பை இறுதி அளவைப்போல் நான்கு மடங்கில் வைத்து, ஃபிரேம்களை உருவாக்கிய பின் சிறிதாக்குங்கள். பெரிய கோப்பின் ஒரு பிக்சல், இறுதிப் படத்தில் கால் பிக்சல். கண் அதை வழுவழுப்பான நகர்வாகவே எடுத்துக்கொள்ளும். மூலப் படம் அந்த அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டாலும், செயற்கையாகப் பெரிதாக்கிச் செய்தாலும் பலன் கிடைக்கிறது. இங்கே வேண்டியது நுணுக்கமான விவரமன்று, நுணுக்கமான இடம்.

13 ஏப்ரல் 2025

ஜிஃப் ஏற்றுமதி பற்றி. 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்டு, 1989-இல் விரிவாக்கிய வடிவம் இது. ஒவ்வொரு வண்ண அட்டவணையிலும் 256 நிறம்தான். ஒரு பிக்சல் முழுதாக ஒளிபுகும் அல்லது புகவே புகாது, இடைநிலை இல்லை. ஃபிரேமின் காலம் நொடியின் நூறில் ஒரு பங்கில் குறிக்கப்படுகிறது. ஆகவே நொடிக்குச் சரியாக 30 ஃபிரேம் என்பது இதில் இயலாது: 3 அலகு வைத்தால் 33.3, 4 அலகு வைத்தால் 25. ஒரு அலகோ சுழியமோ கொடுத்தால் உலாவிகள் அதை ஏற்காமல் 100 மில்லி செகண்டாக மாற்றி ஓட்டுகின்றன. “வேகம் கூட்டினேன், மெதுவாகிவிட்டது” என்று புலம்புபவர்களின் மர்மம் இதுதான்.

கிம்ப்பில் லேயரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மில்லி செகண்ட் எண்ணை ms என்ற எழுத்துகளோடு, (80ms) என்பது போல், குறித்தால் அந்த ஃபிரேமுக்கு மட்டும் அந்தக் காலம் கிடைக்கும்.

256 நிறத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும்; அதை மறைக்க நிறப் புள்ளிகளைத் தூவுகிறது மென்பொருள். 1976-இல் ஃபிளாய்ட், ஸ்டைன்பர்க் இருவர் தந்த முறை ஒற்றைப் படத்துக்கு மிக அழகானது. அனிமேஷனில் அது கேடு. படத்தில் எங்கோ ஓரிடம் மாறினாலும் அதற்குப் பின் வரும் புள்ளிகளின் அமைப்பு முழுவதும் மாறிவிடுவதால், அசையாத வானத்தில் எறும்பு ஊர்வது போல் புள்ளிகள் துடிக்கும். படத்தை இண்டெக்ஸ்டு நிறத்துக்கு, அதாவது அந்த 256 நிற அட்டவணைக்கு, மாற்றும்போது ‘பொசிஷன்டு’ என்ற தெரிவை எடுங்கள். புள்ளி எங்கே விழும் என்பதை பிக்சலின் இடமே தீர்மானிப்பதால், மாறாத பகுதி உண்மையிலேயே மாறாமல் இருக்கும்.

அதனால் கோப்பும் சிறிதாகிறது. 800 × 600 படம் 4,80,000 பிக்சல். அசைவது 200 × 150 பகுதி மட்டும் என்றால் 30,000 பிக்சல், அதாவது பதினாறில் ஒரு பங்கு. அனிமேஷன் மெனுவில் உள்ள ‘ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப்’ முந்தைய ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும். நிற்கும் பகுதி அணுவளவும் பிசகாமல் நின்றால்தான் இந்தச் சேமிப்பு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் அசைத்தவருக்கு எதுவும் மிஞ்சாது.

20 ஏப்ரல் 2025

பெண்ணின் கண்ணை இமைக்க வைக்கலாமா என்று கேட்கிறார்கள். முடியும். இமையின் தோலை மேல்மடிப்பிலிருந்து எடுத்துக் கீழே வளைக்க வேண்டும். மூடுவது வேகமாகவும் திறப்பது மெதுவாகவும் இருக்க வேண்டும். 80 மில்லி செகண்ட் ஃபிரேமில் மொத்தம் மூன்று நான்கு ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். ஆனாலும் நான் செய்வதில்லை. நான்கு நொடிச் சுழற்சியில் ஓர் இமைப்பு என்பது நிமிடத்துக்குப் பதினைந்து. எண்ணிக்கை இயல்பானதுதான், ஆனால் மாறாத இடைவெளியில் அவள் இமைத்துக்கொண்டே இருந்தால் இரண்டாம் சுற்றிலேயே பொம்மையாகிவிடுகிறாள். இமைப்பு வேண்டுமென்றே நினைப்பவர்கள் சுழற்சியை மூன்று நான்கு மடங்கு நீட்டி, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வையுங்கள். மறைந்த ஒருவரின் படம் என்றால் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூந்தல் ஆடுவதை ஏற்பவர்களில் சிலர் கண் இமைப்பதை ஏற்பதில்லை.

6 ஜூலை 2025

ஜிஃப்பை விட்டால் வேறு வழி உண்டா என்ற கேள்விக்கு: உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவைச் சேர்ந்தவர்கள் 2004-இல் முன்வைத்த அசையும் பிஎன்ஜி வடிவம் நெடுங்காலம் அதிகாரபூர்வ ஏற்பில்லாமல் இருந்தது. சென்ற மாதம் வெளியான பிஎன்ஜி தரத்தின் மூன்றாம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டுவிட்டது. முழு நிறம், இடைநிலை ஒளிபுகுதல் இரண்டும் அதில் உண்டு. வெப்பி (WebP) வடிவத்திலும் உண்டு. புகைப்படத்துக்குக் கோப்பு இதில் பெரும்பாலும் சிறிதாகிறது. கூந்தல் விளிம்பு ஜிஃப்பில் கத்தரித்தது போல் இருந்தவர்கள் இவற்றுக்கு மாறலாம். மின்னஞ்சலிலும் பழைய செயலிகளிலும் ஓட வேண்டும் என்றால் ஜிஃப்தான்.

இணையப் பக்கத்தில் வைப்பவர்களுக்கு ஒன்று: இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளின்படி, தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஐந்து நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்தும் வழி வாசகருக்கு இருக்க வேண்டும். முடிவின்றிச் சுழலும் ஜிஃப்பில் அது இல்லை. பக்கத்தில் நிறுத்தும் பொத்தான் வைக்க முடியாதவர்கள், ஏற்றுமதி செய்யும்போது ‘லூப் ஃபாரெவர்’ குறியை எடுத்துவிட்டால் 3.84 நொடியில் ஒரு முறை ஓடி நின்றுவிடும். அப்படிச் செய்பவர்கள் ஃபிரேம்களின் வரிசையைச் சுழற்றி, துண்டுகள் அனைத்தும் மூலப் புகைப்படத்தில் உள்ள நிலையில் இருக்கும் ஃபிரேமைக் கடைசியில் வையுங்கள். நிற்கும்போது நிற்பது அதுதான்.